மூளை: யாழ்ப்பாணத்து வீடுகளில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

நான் ஓர் இயன்மருத்துவர். இருபது வருடமாக யாழ்ப்பாணத்தில் பாரிசவாதம் வந்தவர்களுக்கும் தலையில் அடிபட்டவர்களுக்கும் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கிறேன். பயிற்சி முடிந்து நான் செருப்பைப் போடும்போதுதான் வீட்டுக்காரர் பின்னால் வருவார்கள். நோயாளிக்குக் கேட்காத தூரம் வந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அப்படிக் கேட்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். மருந்து, அறுவைச்சிகிச்சை பற்றிய முடிவு உங்கள் டொக்டருடையது.

ஒன்றை மட்டும் முதலே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் இந்த நிமிடம் ஒருவருக்கு வாய் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினால் இதை வாசித்துக்கொண்டிருக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அடியுங்கள்.

“பழையபடி வருவாரோ?”

எல்லா வீட்டிலும் முதல் கேள்வி இதுதான். “வருவார்” என்று சொல்லி ஆறுதல்படுத்தவும் எனக்கு விருப்பமில்லை. “கடவுள் விட்ட வழி” என்று கைவிரிக்கவும் விருப்பமில்லை.

முறிந்த எலும்பு புது எலும்பை வளர்த்துப் பொருந்தும். வெட்டுப்பட்ட தோல் மூடும். மூளையில் செத்துப்போன நரம்புக்கலங்கள் அப்படித் திரும்ப முளைப்பதில்லை. ஆனால் உயிரோடு இருக்கும் கலங்கள் தங்களுக்கிடையே புதுத் தொடுப்புகளைப் போடும், செத்த இடத்தின் வேலையில் ஒரு பங்கை அக்கம்பக்கம் எடுத்துச் செய்யும். அந்த வேலையைத் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் செய்யும். கேட்காவிட்டால் இருக்கும் தொடுப்பும் தளரும். ஒரு குழந்தையின் மூளை முதன்முதலில் கட்டப்படுவதும் இதே வழியில்தான். அதனால் கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பிள்ளையிலிருந்து தொடங்குகிறேன்.

“வயிற்றிலை எத்தனையாம் மாசம் மூளை உருவாகும்?”

மாதம் என்று எண்ணவே வேண்டாம். கரு தரித்து மூன்றாவது கிழமையில் ஒரு தட்டையான கலப்படை மடிந்து குழாயாகத் தொடங்கும். ஏறத்தாழ 28ஆம் நாளில் அந்தக் குழாய் மூடிவிடும். அதன் மேல்முனை மூளையாகும், மிச்சம் முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணாகும். பெரும்பாலான பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்று உறுதியாகத் தெரிய வருவதே அந்த நாட்களை ஒட்டித்தான். அதனால்தான் போலிக் அமிலம் என்ற விற்றமினைக் கருத்தரிக்க முன்னரே தொடங்கச் சொல்கிறார்கள். பொதுவாகச் சொல்லப்படும் அளவு நாளுக்கு 400 மைக்ரோகிராம். குழாய் மூடாமல் பிள்ளை பிறக்கும் ஆபத்தை அது பெருமளவு குறைக்கும். கலியாணம் முடித்த கையோடு உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் பதியுங்கள். “முதல் நிற்கட்டும், பிறகு பார்ப்பம்” என்று இருந்தால் அந்த 28 நாள் கடந்துவிடும்.

“பிறக்கேக்கையே மூளை முழுசா இருக்குமோ?”

இல்லை. பிறந்த பிள்ளையின் மூளை 350 முதல் 400 கிராம். வளர்ந்தவரின் மூளை 1,300 - 1,400 கிராம். இரண்டு வயதுக்குள் அந்த அளவில் ஐந்தில் நாலு பங்கை எட்டிவிடும். நரம்புக்கலங்களின் எண்ணிக்கை கூடியதால் வந்த நிறையல்ல இது. வளர்ந்தவரிடம் உள்ள ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்களில் பெரும்பாலானவை பிறக்கும்போதே இருக்கின்றன. கிளைகளும், தொடுப்புகளும், நரம்பிழையைச் சுற்றிப் படியும் கொழுப்புறையும்தான் கூடுகின்றன. அந்த உறை படிந்த பிறகு செய்தி பல மடங்கு வேகமாக ஓடும்.

பிறகு மூளை ஒரு வேலை செய்யும்: தேவைக்கு அதிகமாகப் போட்ட தொடுப்புகளைக் குறைக்கும். புகையிலைத் தோட்டத்தில் நுனியைக் கிள்ளி, பக்கத்தில் வெடிக்கும் முளைகளை முறித்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்போதுதான் மிஞ்சிய இலை தடிக்கும். மூளையில் எதை முறிப்பது, எதை விடுவது என்பதைப் பாவனை தீர்மானிக்கிறது. தாய் பேசுவது, பிள்ளை திரும்பிச் சத்தமிடுவது, மண்ணளைவது, தவழ்வது எல்லாம் அந்தத் தீர்மானத்தில் சேரும். தொலைபேசியைக் கையில் கொடுத்துச் சோறு தீத்தும் வீடுகளில் எனக்கு மனம் கிடந்து அடிக்கும். திரையோடு பிள்ளை பேச முடியாது, அம்மம்மாவோடு பேசலாம்.

நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி, திட்டமிடுவதும் அவசரத்தை அடக்குவதும் அதன் வேலை, முதிர்வதற்கு இருபத்தைந்து வயது வரை எடுக்கும். பதினேழு வயதுப் பெடியனுக்குப் பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுக்க முன் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும்.

“ஒரு கண்ணை மூடச் சொல்லிக் கண் டொக்டர் சொன்னவர். ஏன்?”

நல்ல கேள்வி. சின்ன வயதில் ஒரு கண் வாக்காக (மாறுகண்ணாக) இருந்தாலோ, அதில் பார்வை மங்கினாலோ, மூளை மற்றக் கண்ணின் செய்தியை மட்டும் எடுக்கப் பழகிவிடும். கண்ணைப் பிறகு திருத்தினாலும் மூளை அதைப் பார்க்காது. டேவிட் ஹியூபலும் டோர்ஸ்டன் வீசலும் பூனைக்குட்டிகளில் இதைக் காட்டினார்கள். பார்வையை மூளை எப்படிக் கையாள்கிறது என்ற ஆய்வுகளுக்காக 1981இல் நோபல் பரிசு பெற்றார்கள். நல்ல கண்ணை ஒவ்வொரு நாளும் சில மணிநேரம் மூடினால், பலவீனமான கண்ணை மூளை பார்க்க வேண்டிவரும். வயது ஏற ஏற இதன் பலன் குறையும், ஆகவே பள்ளிக்கூடம் சேர்க்க முன்னர் கண்ணைக் காட்டுங்கள். நல்லதை மூடிவைத்தல் என்ற இந்த யோசனை பிறகு திரும்ப வரும்.

“வல்லாரை குடுத்தால் சோதினைக்கு ஞாபகம் நிக்குமோ?”

வல்லாரைச் சம்பல் நல்ல சாப்பாடு, கொடுங்கள். ஞாபகத்தைக் கூட்டும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. படித்ததை மூளை பதித்து வைப்பது நித்திரையில். விடிய நாலு மணிக்கு எழுப்பி ரியூசனுக்கு அனுப்பிவிட்டு வல்லாரை கொடுப்பதில் பலனில்லை.

“ரொறன்ரோவிலை இருக்கிற பேரன் தமிழும் இங்கிலீசும் கலந்து குழம்பிப் போவானோ?”

மாட்டான். இரண்டு மொழியையும் பிள்ளை மூளை தாங்கும். தொலைபேசியில் தமிழிலேயே பேசுங்கள்.

“இடப்பக்க மூளையிலை அடியாம், ஏன் வலக்கை இழுத்துக்கொண்டது?”

மூளையிலிருந்து இறங்கும் அசைவு நரம்புகளில் பெரும்பாலானவை மூளைத்தண்டின் அடியில் பக்கம் மாறிக் கடக்கும். அதனால் இடது மூளை வலப்பக்கத்தை ஆட்டும். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் இடப்பக்கத்தில்தான் இருக்கிறது. வலக்கையோடு பேச்சும் சேர்ந்து போவதற்குக் காரணம் அதுவே. வலது மூளையில் அடிபட்ட ஒருவர் நன்றாகப் பேசலாம், ஆனால் இடப்பக்கம் என்று ஓர் உலகமே இல்லாததுபோல் இருக்கக்கூடும். கோப்பையில் வலப்பக்கத்துச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு “கறி காணாது” என்பார். கோப்பையைத் திருப்பி வைத்தால் மிச்சத்தையும் சாப்பிடுவார். அவருக்குக் கண்ணில் பழுதில்லை, பிடிவாதமும் இல்லை.

மூளையில் பத்து வீதத்தைத்தான் பாவிக்கிறோம் என்பது பொய். உடல் நிறையில் ஏறத்தாழ 2 வீதமே உள்ள இந்த உறுப்பு உடலின் சக்தியில் 20 வீதம் வரை செலவழிக்கிறது. சும்மா கிடக்கும் உறுப்புக்கு உடல் இவ்வளவு கொடுக்காது.

“பாரிசவாதம் வந்தால் உடனை என்ன செய்ய வேணும்?”

முகம், கை, பேச்சு. சிரிக்கச் சொல்லுங்கள், ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று இறங்குகிறதா? ஒரு வசனம் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் 1990 அம்புலன்ஸ். அது இலவசம். அவரைக் கடைசியாகச் சுகமாகக் கண்ட நேரத்தைக் கடுதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

பெரிய இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக்கலங்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, தகுதியானவர்களுக்கு, பொதுவாக நாலரை மணிநேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தலையை ஸ்கான் செய்ய வேண்டும், ஏனென்றால் குழாய் அடைபட்டாலும் வெடித்து இரத்தம் கசிந்தாலும் வெளியில் ஒரே மாதிரித்தான் தெரியும். கசிந்தவருக்குக் கரைக்கும் மருந்து கொடுத்தால் ஆளே போய்விடலாம். வீட்டில் அஸ்பிரின் கொடுக்க வேண்டாம் என்பதும் இதனால்தான். தண்ணீர், சோடா, கோப்பி ஒன்றும் வாயில் விட வேண்டாம். விழுங்கும் தசை வேலை செய்யாவிட்டால் நுரையீரலுக்குள் போகும்.

நான் போன ஒரு வீட்டில் ஐயாவுக்கு விடிய ஆறு மணிக்குக் கை விழுந்தது. முதலில் எண்ணெய் போட்டு உருவினார்கள். பிறகு கோயிலில் நூல் கட்டினார்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது மத்தியானம் இரண்டு மணி. எட்டு மணிநேரம். அவருடைய மகள் அந்த எட்டு மணிநேரத்தை இன்னும் விரல்விட்டு எண்ணுகிறா. நூலைக் கட்டுங்கள், ஆனால் அம்புலன்ஸில் ஏற்றிவிட்டுக் கட்டுங்கள்.

“மோட்டார் சைக்கிளாலை விழுந்தவன், எழும்பி நல்லாக் கதைச்சவன். பிறகு என்னெண்டு மயங்கினவன்?”

மண்டையோட்டுக்கும் மூளையைச் சுற்றிய உறைக்கும் இடையே, நெற்றிப்பொட்டுப் பக்கத்தில், ஒரு நாடி ஓடுகிறது. அடியில் ஓடு வெடித்து அந்த நாடி கிழிந்தால் இரத்தம் சேரத் தொடங்கும். சேர்ந்து மூளையை நெரிக்கும்வரை ஆள் தெளிவாகவே இருப்பார். மண்டையோடு மூடிய பெட்டி. இரத்தமோ வீக்கமோ கூடினால் மூளை ஒதுங்க இடமில்லை, கீழ்நோக்கித் தள்ளுப்பட்டு மூச்சை நடத்தும் பகுதியை நெரிக்கும். நேரத்தோடு திறந்து இரத்தத்தை எடுத்தால் பிழைத்து நல்லா வருபவர்கள் பலர்.

அடிபட்ட பிறகு தலையிடி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்பச் சத்தி (வாந்தி), தூங்கி வழிவது, ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாவது, காதாலோ மூக்காலோ தண்ணீர் போல் வடிவது, வலிப்பு: ஒன்று கண்டாலும் தாமதிக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் “பதின்மூன்று, பத்து” என்று எண் சொல்வார்கள். கண் திறப்பது, பேசுவது, அசைவது ஆகிய மூன்றுக்கும் புள்ளி போட்டு 3 முதல் 15 வரை கணக்கிடும் கிளாஸ்கோ அளவுகோல் அது. எட்டும் அதற்குக் கீழும் கடுமையான நிலை.

ஹெல்மெற்றின் வாரைப் பூட்டுங்கள். பூட்டாத ஹெல்மெற் ஆளுக்கு முதலே பறந்துவிடும்.

“வயசு போட்டுது, அதுதான் மறதி எண்டு விடலாமோ?”

இதில் எங்கள் வீட்டுப் பிழையைச் சொல்கிறேன். அம்மம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தா. தலையில் சின்ன வீக்கம், ஒரு கோப்பி குடித்துவிட்டு வேலையைப் பார்த்தா. மூன்று கிழமை கழித்து ஒருநாள் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தா. நான் போய்ப் பார்க்கும்போது இலையெல்லாம் நிலத்தில் கிடக்க, ஈர்க்குகளைச் சட்டிக்குள் அடுக்கி வைத்திருந்தா. “என்ன அம்மம்மா இது?” என்றேன். என்னைப் பார்த்துச் சிரித்தா. வயசு என்றுதான் நானும் நினைத்தேன். இந்த வேலையே செய்யும் நான் நினைத்தேன். சீலை ஒரு பக்கம் இழுபடத் தொடங்கி, இடக்கால் தேய்ந்து நடக்கும்வரை ஒன்பது நாள் விட்டோம்.

வயதானவர்களின் மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கும். மூளைக்கும் உறைக்கும் இடையே ஓடும் சின்ன நாளங்கள் இழுபட்டு நிற்கும். சிறு அடியிலும் அவை கிழியும். இரத்தம் கிழமைக்கணக்காக மெல்ல மெல்லச் சேரும். இரத்தம் உறையாமல் மருந்து எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூட. அம்மம்மாவுக்கு மண்டையோட்டில் துளை போட்டுப் பழைய இரத்தத்தை வடியவிட்டார்கள். நாலாம் நாள், “என்ரை பாக்குவெட்டி எங்கை?” என்று கேட்டா.

திடீரென்று, நாட்களுக்குள் அல்லது கிழமைகளுக்குள் வரும் குழப்பம் வயதால் வருவதில்லை. ஸ்கான் கேளுங்கள்.

“வீட்டிலை நாங்கள் என்ன செய்ய? எல்லாம் நாங்கள்தான் செய்து குடுக்கிறம்.”

இந்தப் பக்கத்தையே நான் எழுதக் காரணம் இந்தக் கேள்வி. எங்கள் சனம் அன்பில் குறைவைப்பதில்லை. மகள் சோறு தீத்துவா, மகன் சேட்டுப் போட்டு விடுவான், மருமகள் தலை இழுப்பா. ஆறு மாதத்தில் நோயாளியின் கை மடிந்து மார்போடு ஒட்டியிருக்கும்.

எட்வர்ட் டோப் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை விளக்கியிருக்கிறார். பாதிக்கப்பட்ட கையை முதல் நாட்களில் ஆட்ட முயன்று தோற்றவர், நல்ல கையால் சமாளிக்கப் பழகுகிறார். பிறகு மூளை ஓரளவு தேறிய பின்னும் அந்தக் கையை முயல்வதே இல்லை. பாவிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். அவருடைய வழி, நல்ல கைக்கு உறை போட்டுக் கட்டி, பலவீனமான கையை மணிக்கணக்காக வேலை வாங்குவது. பலவீனமான கண்ணுக்காக நல்ல கண்ணை மூடியது நினைவிருக்கிறதா? அதே விதி. எல்லோருக்கும் இது பொருந்தாது, விரலில் கொஞ்சமாவது அசைவு இருக்க வேண்டும். சிகிச்சையாளரைக் கேட்காமல் கட்ட வேண்டாம்.

பனையோலைப் பெட்டி இழைத்து வாழ்ந்த ஒரு அம்மாவுக்கு வலக்கை விழுந்தது. ரப்பர் பந்தைக் கொடுத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டா. அடுத்த நாள் வார்ந்த ஓலை ஒன்றைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்தேன். விழுந்தது. எடுத்து வைத்தேன், விழுந்தது. ஆனால் அவ பார்வையை அதிலிருந்து எடுக்கவில்லை. ஒரு நாளைக்கு நூறு தடவை பிடிக்க வேண்டும் என்று கணக்கு வைத்தோம். பேத்தி கொப்பியில் கோடு போட்டா. ஏழாவது கிழமை ஒரு பெட்டியின் அடிப்பாகம் வந்தது. கோணல், ஓட்டை. அதை எனக்குக் காட்டும்போது கை நடுங்கியது. பிறகொருநாள் மகள் புட்டைக் குழைத்து வாய்க்குக் கொண்டுபோக, அவ கோப்பையைத் தன் பக்கம் இழுத்தா.

முதல் மூன்று மாதம் தேறல் வேகமாக இருக்கும், அந்த நாட்களை வீணாக்க வேண்டாம். அதற்குப் பிறகும் கதவு பூட்டுவதில்லை. வருடங்கள் கழித்தும் முன்னேறியவர்களை நான் கண்டிருக்கிறேன். உங்கள் வேலை பொறுமையாகப் பக்கத்தில் இருப்பது. சேட்டுத் தெறியைப் பூட்ட அவருக்குப் பத்து நிமிடம் எடுத்தால் பத்து நிமிடம் பாருங்கள்.

“காலமை பழக்கினது பின்னேரம் ஞாபகமில்லை எண்டுறார். பயிற்சியாலை பலன் உண்டோ?”

உண்டு. 1953இல் ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கருக்கு வலிப்பை நிறுத்த மூளையின் இரு பக்கத்திலும் ஞாபகப் பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதன்பிறகு புது நிகழ்ச்சி எதையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் கீறப் பழக்கியபோது, நாளுக்கு நாள் கை தேர்ச்சி பெற்றது. பழகியதாக ஞாபகமே இல்லை, கைக்குத் தெரிந்தது. கை பழகும் இடம் வேறு.

“எல்லாம் விளங்குது போலை, ஆனால் சொல் வருகுதில்லை.”

1861இல் பரிஸ் நகரில் போல் புரோக்கா என்ற வைத்தியரிடம் வந்த நோயாளி “டான்” என்ற ஒரு சத்தத்தைத் தவிர ஏறத்தாழ எதையும் சொல்ல முடியாதவர். பிறர் சொல்வது பெருமளவு விளங்கியது. அவர் இறந்த பின் பார்த்தபோது இடது நெற்றிப்பகுதி பழுதாகியிருந்தது. உங்கள் ஐயாவுக்கும் அந்த அயல்தான். சத்தமாகக் கத்த வேண்டாம், அவர் செவிடல்ல. அவருக்கு முன்னால் அவரைப்பற்றி வேறொருவரிடம் கதைக்க வேண்டாம். ஆம், இல்லை என்று சொல்லக்கூடிய கேள்வி கேளுங்கள்.

தேவாரம் பாடிப் பாருங்கள். தண்ணீர் என்று சொல்ல முடியாத ஒருவர், மனைவி சாமியறையில் தொடங்கிய தேவாரத்தின் இரண்டாம் அடியைச் சொல்லுச் சுத்தமாகப் பிடித்ததை நான் வாசலில் நின்று கேட்டேன். பாட்டுக்கு வலது மூளையும் கைகொடுக்கும். சில பேச்சுச் சிகிச்சைகள் இந்த வழியையே பிடித்துப் போகின்றன.

“அடிபட்ட பிறகு ஆளே மாறிப்போனார். தூசணம், கோவம்.”

நெற்றிப்பகுதி அடிபட்டால் கடிவாளம் தளரும். 1848இல் அமெரிக்காவின் வேர்மொன்ற்றில் பினியஸ் கேஜ் என்ற தொழிலாளியின் தலையை ஒரு மீற்றருக்கும் நீளமான இரும்புக்கம்பி துளைத்துப் போனது. உயிர் தப்பினார், குணம் மாறியது என்று அவருடைய வைத்தியர் எழுதினார். அதிகம் பேருக்குத் தெரியாதது, பிறகு அவர் சிலி நாட்டில் பல வருடம் குதிரைவண்டி ஓட்டினார் என்பது. ஒழுங்கான வேலையும் மாறாத நேரசூசியும் அப்படிப்பட்டவர்களைத் தூக்கி நிறுத்தும். பேயோட்டப் போக வேண்டாம். அடி வாங்கும் மனைவி பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம், மனநல வைத்தியரிடம் சேர்ந்து போங்கள்.

“தலைக்குள்ளை செல்துண்டு இருக்கு. எடுக்க வேணுமோ?”

2009இல் போர் முடிந்த பிறகும் செல்துண்டு (எறிகணைத் துண்டு) பற்றிய இந்தக் கேள்வி குறையவில்லை. ஆழத்தில் கிடக்கும் துண்டை எடுக்கப் போனால் போகும் வழியில் நல்ல மூளை பழுதாகலாம். அதனால் பலருக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் துண்டு இருப்பதை முதலே சொல்லுங்கள். அந்தக் காந்தம் இரும்பை இழுக்கும். சாதாரண சி.ரி. ஸ்கானுக்கு அந்தப் பயமில்லை.

துளைத்த காயத்தின் பின் வலிப்பு வருவது சாதாரணம். வியட்நாம் போரில் அப்படிக் காயப்பட்ட அமெரிக்க வீரர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வந்தது, சிலருக்குப் பல வருடம் கழித்து. வலிப்பு வந்தால் திறப்பைக் கையில் திணிக்காதீர்கள், வாயில் கரண்டி வைக்காதீர்கள். பக்கமாகச் சரித்துவிட்டு மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990. குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

“சின்னப் பிள்ளையெண்டால் கெதியாச் சுகம் வருமாமே?”

பாதி உண்மை. பிள்ளை மூளை வளையும். இடது மூளை பிறக்கும்போதே பழுதான பிள்ளைகள் வலது மூளையால் பேசப் பழகியிருக்கிறார்கள். ஆனால் இன்னும் கட்டி முடியாத பகுதியில் அடிபட்டால் குறை உடனே தெரியாது. நாலு வயதில் நெற்றியில் அடிபட்ட பிள்ளை ஓடி விளையாடும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாடத்திலிருந்து மற்றதுக்கு மாற முடியாமல், கவனம் சிதறித் தடுமாறும். அப்போது அந்தப் பழைய அடியை ஒருவரும் நினைப்பதில்லை, “குழப்படி” என்று அடி விழும். ஆஸ்பத்திரியில் நோயை எழுதித் தந்த அட்டையை (டயக்னோசிஸ் காட்) பத்திரமாகப் பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் அதே பைலில் வையுங்கள். வகுப்பு மாறும் ஒவ்வொரு முறையும் புது ரீச்சரிடம் காட்டுங்கள்.